ஹெடர் மாத்தும்போது ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்து மாத்தியே ஆகணுமா?

கோவை ஸ்விஃப்ட்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. என்னோடது 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல், 94,000 கிமீ ஓடிருச்சு. அடுத்த வாரம் 4-2-1 ஹெடரும் (இஞ்சின்ல இருந்து வர்ற நாலு புகை பைப் ரெண்டாகி, அப்புறம் ஒண்ணா சேர்ற செட்டு) பின்னாடி சைலன்சர் வரைக்கும் ஸ்டெயின்லெஸ் பைப்பும் போடலாம்னு இருக்கேன். கடைல என்னன்னா புகைல ஆக்சிஜனை அளக்கற முன், பின் ரெண்டு சென்சாரும் புதுசாத்தான் போடணும், பழசு ஹெடருக்கு செட் ஆகாதுங்கறாங்க. வண்டில செக் இஞ்சின் லைட் எதுவும் இல்ல, மைலேஜும் எப்பவும் போல 15 குடுக்குது, ரெண்டு சென்சார்னா சின்ன காசும் இல்லீங்களே அதான் யோசனையா இருக்கு. புகையை சுத்தம் பண்ற கேட் கன்வெர்டரை (கேட்) எடுத்துட்டு, பின் சென்சாரை புகையில இருந்து கொஞ்சம் வெளிய தள்ளி வைக்கற ஸ்பேசர் வச்சுட்டா லைட் வராதுன்னும் சொல்றாங்க. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை ஸ்பானர்:
தம்பி, செட் ஆகாதுங்கறது தப்பு. சென்சார் திரேட் பெரும்பாலும் எம்18, 1.5 பிட்ச், அதாவது 18 மிமீ விட்டம், மரைக்கு மரை 1.5 மிமீ. ஹெடர்ல வெல்ட் பண்ற நட்டும் அதே அளவுதான், பழசு அப்படியே ஏறும். மொதல்ல ஸ்கேனர் மாட்டி இஞ்சின் நல்லா சூடானப்புறம் லைவ் டேட்டா பாருங்க. முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவுல விறுவிறுன்னு ஏறி இறங்கிட்டே இருக்கணும், மெதுவா அசையுது இல்ல ஒரே இடத்துல நிக்குதுன்னா பெரும்பாலும் அது ஆயுசு முடிஞ்ச சென்சார், ஹெடர் போட்டாலும் போடாட்டியும் மாத்தத்தான் வேணும். பின் சென்சார் நேர் எதிர், கேட் நல்லா இருந்தா 0.6, 0.7 பக்கம் ஆடாம நிக்கும். அதுவும் முன்னது மாதிரியே ஆட ஆரம்பிச்சா சென்சார் மேல பழி போடாதீங்க, போனது கேட்டா இருக்கும், பி0420ங்கற பிழை கோடு வர்றது அதனாலதான். பெட்ரோல் எவ்வளவு ஊத்தணும்னு இஞ்சினுக்கு சொல்றது முக்கியமா முன் சென்சார், பின்னது கேட்டை கண்காணிக்கத்தான். கையில காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முன்னதுக்கு செலவு பண்ணுங்க.

ஸ்பேசர் வேலை வேண்டாம். கேட்டை எடுத்தா லைட்டை ஏமாத்தலாம், புகை டெஸ்ட் மெஷினை ஏமாத்த முடியாது, அது கார்பன் மோனாக்சைடையே அளக்குது. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுலயும் மாட்டுவீங்க. பின்னாடி உக்கார்ற நம்ம வீட்டு புள்ளைங்களே அந்த நாத்தத்தை சுவாசிக்கணும். கேட் வச்ச ஹெடராவே வாங்குங்க, இல்ல ஹெடருக்கு அப்புறம் தனி கேட் போடுங்க.

திருச்சி கார்க்காரன்:
ப்ரோ நான் பட்டதை சொல்றேன், கேட்டுட்டு போங்க. ஹெடர் போட்டு பத்து நாள்ல பி0171 வந்துச்சு, அதாவது கலவைல பெட்ரோல் கம்மின்னு. கடைல சென்சார் போச்சுன்னாங்க, மாத்தினேன், நாலு நாள்ல திரும்ப அதே கோடு, மைலேஜ் 11க்கு வந்துருச்சு. கடைசில பாத்தா இஞ்சின் ஹெட்ல ஹெடர் உக்கார்ற எடத்துல கேஸ்கட் லீக். புகை விட்டு விட்டு துடிப்பா வருதில்ல, அந்த இடைவெளில வெளிக்காத்தை உள்ள இழுக்குது, சென்சாருக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியா தெரியுது, கம்ப்யூட்டர் பெட்ரோலை கூட்டிக்கிட்டே போகுது. நல்ல சென்சாரைத்தான் நான் தூக்கி எறிஞ்சிருக்கேன், இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. வேலை முடிஞ்சதும் இஞ்சின் ஆறி இருக்கும்போது சைலன்சர் வாயில வேக்குவம் கிளீனரோட காத்து ஊதற பக்கத்தை வச்சு, ஜாயிண்ட் எல்லாத்துலயும் சோப்பு தண்ணி தெளிங்க, நுரை வர்ற எடம்தான் லீக்.

ரொறன்ரோ தம்பி:
அண்ணா, நான் இஞ்ச கனடாவில இருக்கிறன், குளிருக்கு றோட்டில உப்புக் கொட்டுறதால சென்சர் எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போயிடும். கழட்டுறதுக்கு முதல் நாள் இரவே துரு இளக்குற எண்ணெய் விட்டு வையுங்கோ, பிறகு இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிப்போட்டு 22 மில்லிமீற்றர் சொக்கெற், வயர் போறதுக்கு பக்கத்தில வெட்டு இருக்குமே, அதால மெல்லமாக் கழட்டுங்கோ. கையை மட்டும் சுட்டுப்போடாதேங்கோ. திரும்பப் பூட்டேக்க திரேட்டுக்கு மட்டும் அன்ரி-சீஸ் (இறுகாமல் இருக்கப் பூசுற பசை) பூசுங்கோ, முனையில படவே கூடாது. புதுசா வாங்கினா அனேகமா பூசியே வரும். ஜொயின்றுக்கு சாதாரண சிலிக்கன் வைக்க விடாதேங்கோ, அந்த ஆவி சென்சரைக் கொண்டுபோடும். வயர் நீளம் காணாட்டி ஈயம் வைச்சு ஒட்டாமல் நெரிச்சு இறுக்குற கனெக்டர் போடுங்கோ, ஏனெண்டா கனக்க சென்சரில புகையோட ஒப்பிட்டுப் பாக்கத் தேவையான வெளிக்காத்து வயருக்குள்ளாலதான் உள்ள போகுது, ஈயம் அந்த வழியை அடைச்சுப்போடும்.

கோவை ஸ்விஃப்ட்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து ஸ்கேனர் மாட்டி பாத்தேன், பின்னது 0.68ல நிக்குது, முன்னது ஆடுது ஆனா மேல ஏறவே ரெண்டு மூணு செகண்ட் எடுக்குது. அதனால முன்னது மட்டும் புதுசு வாங்கறேன், கேட் வச்ச ஹெடருக்கே சொல்லிட்டேன். சென்சார் நட்டை எங்க வெல்ட் பண்ண சொல்லட்டும்ங்கண்ணா?

மதுரை ஸ்பானர்:
நாலு பைப்பும் ஒண்ணா சேர்ற எடத்துக்கு அப்புறம், கேட்டுக்கு முன்னாடி. அப்பத்தான் நாலு சிலிண்டர் புகையும் அதுக்கு தெரியும். அதுக்காக ரொம்ப கீழ தள்ளிடாதீங்க, சூடாகாம வேலை செய்யாது. கடிகாரத்துல 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல பாத்த மாதிரி மேல்பக்கமா வரணும், கீழ்ப்பக்கம் வச்சா காலைல பைப்புல தேங்கற தண்ணி பட்டு உள்ள பீங்கான் வெடிச்சுரும். சென்சாரை மாட்டி வச்சுக்கிட்டே வெல்டிங் பண்ண விடாதீங்க, பேட்டரி நெகட்டிவையும் கழட்ட சொல்லுங்க. வேலை நடக்கறப்ப கூடவே நில்லுங்க தம்பி.