புதுப்பிப்பு: ஸ்பீக்கரில் வந்த இன்ஜின் உறுமலை நிறுத்தியாச்சு

ஸ்போர்ட் மோடு (விறுவிறுப்பாக ஓட்டுவதற்கான செட்டிங்) போட்டால் என் டர்போ பெட்ரோல் காரில் செயற்கையான இன்ஜின் உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தர்மபுரியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். உறுமல் போனது, கூடவே பாட்டும் ரிவர்ஸ் பீப்பும் போயின. சரி என்று திரும்பச் செருகிவிட்டோம். கடைசியில் வழி செட்டிங்ஸிலேயே இருந்தது: ஸ்டியரிங், கியர் இரண்டும் ஸ்போர்ட்டில் இருக்கட்டும், இன்ஜின் ஒலியை மட்டும் நார்மலுக்கு மாற்றினால் போதும்.

அப்புறம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில், லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். டர்போவின் மெல்லிய விசில் தெளிவாகக் கேட்டது. இன்ஜின் திணறுவதும் காதுக்கே தெரிகிறது. இதையெல்லாம்தான் அந்தப் போலிச் சத்தம் மூடி வைத்திருந்தது.

சில ஃபோக்ஸ்வாகன் மாடல்களில் இந்த ஒலி ஸ்பீக்கரில் வருவதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே அதிரும் தனிக் கருவி இருக்கும்.

எலக்ட்ரிக் கார் வெளியே எழுப்பும் ஒலியை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சத்தமில்லாமல் வரும் காரைப் பற்றி நடந்து போகிறவர்களை எச்சரிக்கத்தான் அது. ஐரோப்பாவில் புதிய எலக்ட்ரிக் கார்களுக்கு 20 கி.மீ. வேகம் வரை அது கட்டாயம்.