பூ வண்டி ஆக்‌ஷன் கதை: ஒன்லைன் சுருங்க மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

மல்லிக்கடை

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே லோடு வந்துவிடும், இறக்கி, எடை போட்டு, ஏலம் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் இரண்டு வருடமாக ஒரு ஆக்‌ஷன் ஸ்க்ரிப்ட் எழுதி முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு தயாரிப்பாளர் அலுவலகத்தில் தெரிந்த அண்ணன் ஒருவர், "முழுக்கதை இப்ப வேண்டாம், ஒன்லைனை வாட்ஸ்அப்ல அனுப்பு, ரெண்டு வரி போதும்" என்றார். நான்கு நாளாக எழுதுகிறேன். இதுதான் இப்போது கையில் இருப்பது:

"உசிலம்பட்டியில் பூ லோடு ஓட்டும் வீரபாண்டி நல்லவன், ஆனால் கோபக்காரன். சின்ன வயதில் அப்பாவை இழந்த அவனை வளர்த்தது தாய்மாமன். மாமன் மகள் மீது அவனுக்குக் காதல். செய்யாத குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவன், ஒருநாள் விடிகாலையில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு சிறுவனைப் பார்க்கிறான். அந்தச் சிறுவன் யார், அவனை ஏன் ஒரு கும்பல் துரத்துகிறது, அதன் பின்னணியில் இருப்பது யார், வீரபாண்டி அவனைக் காப்பாற்றினானா என்பதை அதிரடித் திருப்பங்களுடன் சொல்வதே கதை."

50 வார்த்தையைத் தாண்டிவிட்டது. எதைத் தொட்டாலும் கதையின் ஒரு துண்டு போய்விடும் போல இருக்கிறது. எதை எடுக்கலாம்?

செல்லூர்க்காரன்

முதலில் பெயரை எடுங்கள் தம்பி. வீரபாண்டி யார் என்று உங்களுக்குத்தான் தெரியும், படிப்பவருக்கு அது வெறும் பெயர். "பூ வண்டி டிரைவர்" என்றால் ஆளே கண்ணுக்குத் தெரிகிறான். "அதிரடித் திருப்பங்களுடன்" போஸ்டருக்குப் போகட்டும்.

திருநகர் பழைய கோ-டைரக்டர்

தம்பி, பன்னிரண்டு வருடம் கோடம்பாக்கத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கதை கேட்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது கதைச் சுருக்கம். ஒன்லைன் வேறு. யார், அவனுக்கு என்ன நேர்கிறது, அவன் எதைச் செய்து முடிக்க வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், எப்போதைக்குள். இவ்வளவுதான் அதற்குள் இருக்கும். இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் 25லிருந்து 35 வார்த்தை என்று கணக்கு வைத்திருப்பார்கள். நமக்கு அதைவிடக் குறைவாகவே போதும். உருபு எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறதே, "மதுரைக்குள்ளிருந்து" என்பது நமக்கு ஒரே வார்த்தை. ஆனால் தமிழில் வேறொரு ஆபத்து இருக்கிறது. "போய், பார்த்து, அடித்து, தப்பித்து" என்று எச்சமாகக் கோத்துக்கொண்டே போனால் மொத்தப் படத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடலாம், இலக்கணப்படி தப்பும் வராது. படிப்பவருக்குத்தான் மூச்சு முட்டும். நான் உதவியாக இருந்தபோது எழுதிய முதல் ஒன்லைன் அப்படித்தான் ஒரு முழுப் பக்கம் ஓடியது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். மறைக்காமல் சொல்லுங்கள், சிறுவனைத் துரத்தும் கும்பல் யாருடையது?

மல்லிக்கடை

அண்ணே, அது இன்டர்வல் பிளாக், இடைவேளையில் உடைகிற திருப்பம். அதனால்தான் வெளியே சொல்லவில்லை. கும்பல் தாய்மாமனுடையதுதான். அவன் ஒரு கொலை செய்துவிட்டான். அதை நேரில் பார்த்த ஒரே ஆள் அந்தப் பையன். அன்று காலை 10 மணிக்கு அவன் மதுரை கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

திருநகர் பழைய கோ-டைரக்டர்

இதை ஏன் தம்பி மூடி வைத்தீர்கள்! இதுதான் உங்கள் படம். நம் பக்கத்தில் தாய்மாமன் என்றால் யார்? காது குத்துக்கு மடியில் உட்காரவைத்தவன், சீர் கொண்டுவந்தவன், அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்றவன். அவனை எதிர்த்து வண்டி ஓட்டினால் ஹீரோவுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. ஆக்‌ஷன் கதை என்றதும் எத்தனை பேரை அடிக்கிறான் என்று எழுதிவிடுகிறார்கள். கேட்பவர் அதைக் கேட்பதில்லை, அடித்தால் அவனுக்கு என்ன போகும் என்றுதான் கேட்கிறார். இன்டர்வலைத் தியேட்டரில் மக்களுக்கு மறைத்துக்கொள்ளுங்கள். காசு போடுகிறவரிடம் மறைத்தால் அவருக்குப் படம் எடுக்க ஒரு காரணமும் கிடைக்காது.

திண்டுக்கல் குறும்படம்

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன் தம்பி. "காப்பாற்றினானா?" என்று கேள்வியில் முடிக்காதீர்கள், காப்பாற்றுவான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் அந்த ஜெயில். 2019இல் வந்த "கைதி"யில், 10 வருடச் சிறை முடிந்து மகளை முதன்முதலாகப் பார்க்கக் கிளம்பியவன், மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஒரே இரவில் லாரியில் கொண்டுபோகிறான். ஜெயில், வண்டி, உள்ளே காப்பாற்ற வேண்டிய உயிர் என்று மூன்றும் உங்கள் இரண்டு வரியில் இருந்தால் படிப்பவர் மனது நேராக அங்கே போய்விடும். உங்கள் கதைக்கு ஜெயில் உண்மையில் வேண்டுமா?

மல்லிக்கடை

வேண்டாம் அக்கா. ஒரு ஃபிளாஷ்பேக் சண்டைக்காகத்தான் வைத்தேன். ஸ்க்ரிப்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. காதலும் ஒன்லைனுக்கு வேண்டாம், படத்தில் இருக்கட்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"தன்னை வளர்த்த தாய்மாமன் செய்த கொலையைப் பார்த்த சிறுவன் தன் வண்டியில் ஒளிந்திருப்பதைக் காணும் பூ வண்டி டிரைவர், அவனைக் காலை 10 மணிக்குள் மதுரை கோர்ட்டில் சேர்க்க வேண்டும்."

திண்டுக்கல் குறும்படம்

நன்றாக வந்துவிட்டது. ஆனால் முதல் "தன்னை" யாருக்கு? வேகமாகப் படித்தால் அந்தச் சிறுவனை வளர்த்த மாமன் என்று ஆகிறது. டிரைவரை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், குழப்பம் போய்விடும். குறுக்கே யார் நிற்கிறார்கள் என்பதும் விட்டுப்போயிற்று.

மல்லிக்கடை

ஆமாம் அக்கா, கவனிக்கவே இல்லை. செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை என்று வழியெல்லாம் மாமன் ஆட்கள் நிற்பதுதான் இரண்டாம் பாதியே. ஊர்ப் பெயர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"உசிலம்பட்டிப் பூ வண்டி டிரைவர், தன்னை வளர்த்த தாய்மாமன் செய்த கொலைக்கு ஒரே சாட்சியான சிறுவனை, மாமனின் ஆட்கள் மறித்து நிற்கும் சாலை வழியே காலை 10 மணிக்குள் மதுரை கோர்ட்டில் சேர்க்க வேண்டும்."

எண்ணிப் பார்த்தேன், 25.

திருநகர் பழைய கோ-டைரக்டர்

கடைசி வார்த்தையை மட்டும் பாருங்கள். "சேர்க்க வேண்டும்" என்றால் யாரோ வேலை ஏவியது போல இருக்கிறது. பையனை மாமனிடமே இறக்கிவிட்டுப் போக அவனுக்கு வழி இருந்தும் போகவில்லை என்பதல்லவா உங்கள் கதை? நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, அதைப் படித்துவிட்டுத்தான் போனைக் கீழே வைப்பார்கள். "சேர்க்கக் கிளம்புகிறான்" என்று போடுங்கள்.

மல்லிக்கடை

மாற்றிவிட்டேன் அண்ணே. அந்த "கிளம்புகிறான்" வந்ததும் ஸ்க்ரிப்டில் ஒரு காட்சி குறைவது தெரிகிறது. கருமாத்தூர் தாண்டும்போது அவன் வண்டியை ஓரங்கட்டி, பையனைப் பார்த்து முடிவெடுக்கும் இடம் நான் எழுதவே இல்லை. இன்று ராத்திரி அதை எழுதிவிட்டு, நாளைக்கு லோடு இறக்கியதும் ஒன்லைனை அனுப்புகிறேன்.