டரான்டுலா பெட்டிக்கு அடிமண்: கோகோபீட்டா, செம்மண்ணா?

மூலக்கொத்தளம் எட்டுக்கால்:
மெக்சிகோவின் சிவப்பு முட்டி டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது. கால் விரித்தால் 10 செ.மீ. இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. உள்ள கண்ணாடிப் பெட்டி தயார். அடியில் எதை நிரப்புவது என்பதில்தான் குழப்பம். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் கேட்டால் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) என்கிறார்கள். செங்குன்றத்தில் இருக்கும் மாமாவோ, "செம்மண் ஒரு மூட்டை தருகிறேன், காசு எதற்கு?" என்கிறார். கடற்கரை மணல் கூடாது என்பது மட்டும் தெரியும். வீடு முதல் மாடி, ஏசி கிடையாது. வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் குமிழி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோகோபீட். 650 கிராம் கட்டி இரண்டு வாங்கி ஊறவைத்தால் உங்கள் பெட்டிக்குப் போதும். எளிதில் மக்காது. தோட்டத்து மண்ணோடு கூடவே வரும் பூரானும் எறும்பும் இதில் வராது. பார்க்க வேண்டியது உப்பு ஒன்றைத்தான். தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் தூளில் உப்பு தங்கிவிடும். எங்கள் பகுதியில் மீன் வளர்க்கிறவர் யாரைக் கேட்டாலும் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். ஒரு பிடித் தூளை ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டிய நீரில் மீட்டரை வையுங்கள். எண் எகிறினால் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். பிறகு பிழிந்து, மொட்டை மாடியில் உலர்த்தி நிரப்பலாம்.

தண்டையார்பேட்டை மண்வெட்டி:
குமிழி அண்ணா மீன் தொட்டிக்காரர், தண்ணீரில்தான் அவர் நினைப்பு ஓடும். சிலந்தி நீந்தப் போவதில்லை, தோண்டப் போகிறது. காய்ந்த கோகோபீட்டில் விரலை விட்டு எடுத்துப் பாருங்கள், குழி அப்போதே சரிந்து மூடிக்கொள்ளும். அதில் வளை எப்படி நிற்கும்? செம்மண்ணில் களி உண்டு. ஈரத்தோடு அழுத்திக் காயவிட்டால் விரல் போட்ட துளை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சிலந்தி கிளறும்போது தூள் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் குவியும். கிண்ணத்துக்கு உள்ளும் வெளியுமாகக் கிடக்கும் அந்தத் தூள் வழியாகவே நீர் ஏறி இறங்கிவிடும். இரவு நிரப்பிய கிண்ணம் காலையில் காலி, அதைச் சுற்றி மட்டும் ஈரம். மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

கொளத்தூர் குமிழி:
தம்பி, எந்தச் செம்மண் என்று முதலில் சொல்லுங்கள். நர்சரிகளில் தொட்டி மண் என்று கட்டிக்கொடுப்பதில் மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்திருக்கும். செடிக்கு அது அமிர்தம். ஆனால் வேம்பில் உள்ள அசாடிராக்டின், பூச்சிகளின் தோலுரிப்பைக் கெடுத்துத்தான் அவற்றைக் கொல்கிறது. தோலுரித்தே வளரும் ஓர் உயிரை அந்த மண்ணில் படுக்க வைப்பீர்களா? கரையான் மருந்து ஊற்றிய மனைக்கட்டு மண், எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மண், மணலித் தொழிற்சாலைகளை ஒட்டிய காலி மனை மண், இவையெல்லாம் வடசென்னையில் இலவசமாகவே கிடைக்கும். வாணலியில் போட்டு வறுத்தால் புழு பூச்சிதான் சாகும். சாம்பலில் உள்ள உலோகம் எங்கே போகும்? போகட்டும், அந்தப் பெட்டியில் பாதிக்கு மண் போட்டால் 20 கிலோ அளவுக்கு வரும். அதை எந்தப் பலகை தாங்கும்?

தண்டையார்பேட்டை மண்வெட்டி:
நர்சரிக் கலவையை நான் எங்கே சொன்னேன்? எதுவும் கலக்காத வெறும் மண்ணைத்தான் சொல்கிறேன். பயிரும் மருந்தும் காணாத மேட்டில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஓரடிக்குக் கீழே எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றி, குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. களி அடுக்கே பாதிக்கு வந்தால் அந்த மண் வேண்டாம். காய்ந்ததும் செங்கல்லாகிவிடும், சிலந்தியின் கால் அதில் இறங்காது. எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் 100 லிட்டர் மீன் தொட்டியை எதன்மேல் வைத்திருக்கிறார் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:
நீங்கள் இருவரும் எதை நிரப்புவது என்றே மல்லுக்கு நிற்கிறீர்கள். ஈரத்தைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே! வளர்ப்புக் கையேடுகளில் பல குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும், அதனால் நீர் தெளி, தெளி என்கிறார்கள். நாம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே காயாத ஊரில் பெட்டிக்குள் தினமும் தெளித்தால் பூஞ்சையும் உண்ணியும்தான் வளரும். சிவப்பு முட்டி, மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்து வறண்ட காடுகளைச் சேர்ந்தது. தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, எப்போதாவது ஒரு மூலையில் கொஞ்சம் நீர், அவ்வளவு போதும். தென் அமெரிக்க மழைக்காட்டு கோலியாத் சிலந்தி என்றால் கணக்கே வேறு.

அடிமண் நனைந்திருந்தால் சிலந்தி தரையில் கால் பதிக்காது, கண்ணாடியில் ஏறித் தொங்கும். அதைப் படம் பிடித்து, எவ்வளவு சுறுசுறுப்பு என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஏறியது விழும், விழுந்தால் வயிறு கிழியும். ஆகவே மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. உங்களுக்கு 15 செ.மீ., அதாவது பாதிப் பெட்டி நிரம்பியே ஆக வேண்டும்.

கொளத்தூர் குமிழி:
அக்கா, மழைக்காலத்துக்கு நீங்கள் சொல்வது சரி. கத்திரி வெயிலில் கடற்காற்று உள்ளே வராமல் மேல்காற்று அடிக்கும் நாட்களை மறந்துவிட்டீர்கள். அப்போது மேலே காய்ந்தும் அடியில் சற்று ஈரமாகவும் வைத்திருக்கக் கோகோபீட்டை விட்டால் எது இருக்கிறது? ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கையைத் திறந்து தொட்டதும் உருண்டை உதிர வேண்டும். அந்தப் பதம்தான் அடிக்கு.

ராயபுரம் கிளை:
நான் வளர்ப்பது மரத்தில் வாழும் வகை. அதற்கு 5 செ.மீ. கோகோபீட்டும் நிமிர்த்தி வைத்த மரப்பட்டையும் போதும், உங்கள் சண்டை எங்களுக்கு இல்லை. கேள்வி கேட்டவருக்கு ஒன்று: சிவப்பு முட்டி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். விற்கிறவரிடம் காகிதம் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

மூலக்கொத்தளம் எட்டுக்கால்:
பதிவு விவரத்தை விற்பவரிடம் கேட்டுவிட்டேன், தருவதாகச் சொல்கிறார். மாமாவிடமும் பேசினேன். அவர் நிலத்தில் கத்தரி போடுகிறார், பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். ஆகவே அந்த மூட்டை வேண்டாம். கோகோபீட்டை நன்றாக அழுத்தி நிரப்பி, உடைந்த பூந்தொட்டி ஒன்றைப் பாதி புதைத்து வைத்தால் வளை சரியும் பிரச்சினை தீருமா?

தண்டையார்பேட்டை மண்வெட்டி:
கத்தரி என்றால் நானும் வேண்டாம் என்பேன். வெறும் கோகோபீட்டை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிறவர்களிடம் வண்ணம் தொடாத களிமண் கேளுங்கள். காயவைத்து, பொடித்து, நான்கு பங்கு கோகோபீட்டுக்கு ஒரு பங்கு கலந்தால் சுவர் நிற்கும்.

கொளத்தூர் குமிழி:
பூந்தொட்டியே போதும். கலந்துதான் தீருவேன் என்றால் அந்தக் களிமண்ணையும் ஊறவைத்து மீட்டரில் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

பெரம்பூர் லோகோ:
எதைப் போட்டாலும் நிரப்பிய அன்றே சிலந்தியை விடாதீர்கள். ஒரு வாரம் பெட்டி காலியாகக் கிடக்கட்டும். பூஞ்சை வருகிறதா, உண்ணி ஊர்கிறதா, மேல்மண் காய்கிறதா என்று பாருங்கள்.

மூலக்கொத்தளம் எட்டுக்கால்:
அதுவரை சிலந்தியை எங்கே வைப்பது?

பெரம்பூர் லோகோ:
விற்கிறவரிடமே இருக்கட்டும். காகிதம் கைக்கு வர அவ்வளவு நாளாவது ஆகும்.