அடும்பு இலைச் சாறு: வளையம் வருகிறது, நம்பலாமா?

உப்புக்காற்று கேட்டது:
தனுஷ்கோடி மணலில் பறித்த அடும்பு (கடற்கரை மணலில் படரும் கொடி) இலை கிருமிகளைத் தடுக்குமா என்று பார்க்கிறேன். நிழலில் உலர்த்திப் பொடித்து, 50 கிராமுக்கு 500 மி.லி மெத்தனால் ஊற்றி 72 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி வற்றவைத்த பசை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 100 மி.கி/மி.லி கரைசலாக்கி, கிருமி பரப்பிய முல்லர்-ஹின்டன் அகரில் (கிருமி வளர்க்கும் கூழ்) 6 மி.மீ குழிக்கு 50 மைக்ரோலிட்டர். குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியசுக்கு 14 மி.மீ, இ.கோலைக்கு 9 மி.மீ, கேண்டிடா என்ற ஈஸ்டுக்கு விளிம்பே தெரியவில்லை. தண்ணீர்ச் சாற்றிலோ இ.கோலைக்கு மட்டும் வளையம்! அடுத்து முண்டு மிளகாய்ப் பழ அழுகலில் பிரித்தெடுத்த கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சை. அதற்கும் குழி முறை போதுமா?

பெட்ரித்தட்டு:
தண்ணீர்ச் சாற்றில் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான். ஸ்டாபிலோகாக்கஸ் 7.5% உப்பிலும் வளரும், இ.கோலை அந்த அளவைத் தாங்காது. சாற்றின் மின்கடத்துதிறனை அளந்து, அதே அளவு காட்டும் உப்புக் கரைசலைப் பக்கத்துக் குழியில் விடுங்கள். அங்கேயும் அதே வளையம் வந்தால் அது உப்பின் வேலைதான். இனிமேல் இலையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு உலர்த்துங்கள்.

வெறும் டிஎம்எஸ்ஓ 50 மைக்ரோலிட்டர் விட்ட குழி இல்லாமல் அந்த 9 மி.மீ-ஐ எழுதவே கூடாது. மெத்தனால் மிச்சமிருந்தாலும் வளையம் வரும். பசையின் எடை குறைவது நிற்கும்வரை வற்றவையுங்கள். அகர் கனம் 4 மி.மீ, கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லாண்டு (கலங்கலை ஒப்பிடும் அளவுகோல்). தட்டு சரியா என்று பார்க்க ஏடிசிசி 25922 என்ற தரநிலை இ.கோலையில் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வட்டு வையுங்கள்: 19 முதல் 26 மி.மீ வரவேண்டும். கேண்டிடா விளிம்பு தெளிய அகரில் 2% குளுக்கோஸும் மி.லி-க்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலீன் நீலமும் சேர்க்க வேண்டும்.

நூறாம்_குழி:
வளைய அளவை வைத்து 'இது அதைவிட வீரியம்' என்று எழுதாதீர்கள். எண்ணெய்ப்பசையுள்ள பொருள் அகரில் நகராது, நல்ல மருந்தும் சின்ன வளையமே தரும். எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) எடுங்கள்: 96 குழித் தட்டில் 2 மி.கி/மி.லியில் தொடங்கிப் பாதிப்பாதியாகக் குறைத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். 0.5 மெக்ஃபார்லாண்டை 150 மடங்கு நீர்த்து இன்னொரு 100 விடுங்கள். முதல் குழியில் சாறு மி.லி-க்கு 1 மி.கி, டிஎம்எஸ்ஓ 1%, கிருமி மி.லி-க்கு 5 லட்சம் என்றாகும். பச்சைச் சாற்றில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. 35 டிகிரியில் 18 மணி நேரம் கழித்து 0.015% ரெசாசுரின் என்ற நீலச் சாயம் 30 மைக்ரோலிட்டர் விடுங்கள். இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடு இருக்கிறது. ஆனால் சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும் சாயத்தை மாற்றும். கிருமி இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம்.

மிளகாய்க்கொல்லை:
கொலெட்டோட்ரைக்கத்துக்குக் குழி முறை வேண்டாம். பிடிஏ (பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு அகர்) 50 டிகிரிக்கு ஆறியதும் 19.8 மி.லி-யில் உங்கள் டிஎம்எஸ்ஓ கரைசல் 0.2 மி.லி கலந்து ஊற்றுங்கள். கட்டுப்பாட்டுத் தட்டில் அதே அளவு டிஎம்எஸ்ஓ. நடுவில் 5 மி.மீ பூஞ்சைத் துண்டு. கட்டுப்பாட்டுப் பூஞ்சை விளிம்பை நெருங்கியதும் இரண்டு தட்டிலும் பூஞ்சையின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, கட்டுப்பாட்டு விட்டத்திலிருந்து அந்த 5 மி.மீ-ஐக் கழித்து, விட்டங்களின் வித்தியாசத்தை அந்த மிச்சத்தால் வகுங்கள். வளராத துண்டைச் சாறில்லாத பிடிஏவில் மாற்றி வையுங்கள். மறுபடி தளிர்த்தால் சாறு தடுத்தது மட்டுமே, கொல்லவில்லை.

ஒப்பீட்டுக்கு அலையாத்தி (உப்பங்கழி மரம்) வேண்டுமென்றால், காரங்காட்டில் வனத்துறை அனுமதி வாங்கிப் பறியுங்கள். அதன் இலையிலேயே உப்பு பூத்திருக்கும். இன்னொரு உப்பங்கழி மரமான கண்டலின் பட்டை வேறு தொல்லை: டானின் புரதத்தைத் திரளவைத்து, எந்தக் கிருமியையும் அடக்குவதுபோல் காட்டும். பிவிபிபி என்ற, டானினை ஒட்டிக்கொள்ளும் தூளில் டானினைப் பிடித்தெடுத்த சாற்றையும் கூடவே வையுங்கள்.