75 மதிப்பெண் வாங்கிய மாநிலத்தில் என் குழாயில் காற்றுதான் வருகிறது

வர்த்தூர் வசந்தி:
முந்தாநாள் இங்கே 'கணக்கர்' எழுதியிருந்தார்: "நிதி ஆயோக்கின் 2023-24 நீடித்த வளர்ச்சிக் குறியீட்டில் கர்நாடகத்துக்கு 75, நாட்டுக்கு 71. பெங்களூரில் தண்ணீர் இல்லை என்று அழுகிறவர்களுக்குத் தரவு தெரியாது." ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளை ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு எட்டியது என்று மத்திய அரசின் நிதி ஆயோக் நூற்றுக்குப் போடும் மார்க் அது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நான் இருப்பது 2007-ல் பெங்களூர் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் ஒன்றில். வாசலில் குழாய் இருக்கிறது. திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும், அவ்வளவுதான். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறேன். அரை அடிக்கு ஒரு கோடு, மகளின் நகப்பூச்சில் போட்டது. 2024 மார்ச்சில் ஒரு நாள் குச்சியின் நுனி மட்டும் நனைந்தது. அதுவும் சேறு. அந்தச் சேறு உங்கள் 75-ல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கணக்கர்:
அம்மா, அது மாநிலத்துக்குப் போட்ட மதிப்பெண். உங்கள் சம்ப்பில் அதைத் தேடக் கூடாது. இந்தக் குறியீடு 2018-ல் 62 அளவுகோல்களோடு தொடங்கியது, 2023-24-ல் 113. நாட்டின் மதிப்பெண் 57-லிருந்து 71-க்கு வந்திருக்கிறது. பதினோரு வருடமாக இந்தப் படிவங்களோடுதான் என் பிழைப்பு. எண் இல்லாமல் போய் நின்றால் எந்த அதிகாரியும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

வர்த்தூர் வசந்தி:
குழாயில் தண்ணீர் வருகிறதா, இல்லையா?

கோவைக்காரன்:
இதில் சண்டை எதற்கு? அதே பட்டியலில் தமிழ்நாடு 78. நகரங்களுக்குத் தனியாக 2021-ல் போட்ட பட்டியலில் 56 ஊர்களில் சிம்லா முதலிடம், எங்கள் கோவை இரண்டாவது. தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பி வாருங்கள்.

வர்த்தூர் வசந்தி:
எந்த ஊருக்கு? 2001-ல் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவோடு நாலு பாத்திரமும் ஒரு தையல் மெஷினுமாக இங்கே வந்தோம். எனக்கு ஊர் இதுதான். தமிழ்நாட்டுப் பெருமையையும் பார்த்துவிடுவோம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதே வருடம் டிசம்பரில் வந்த பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 67, மூன்றாவது இடம். ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவன்:
ஒரு சந்தேகம். நீடித்த வளர்ச்சி என்று முதலில் எதைச் சொல்கிறோம்? அதைப் பேசிவிட்டு மதிப்பெண்ணுக்குப் போகலாமே.

கணக்கர்:
வசந்தி அம்மா இரண்டைக் குழப்புகிறார். மொத்த மதிப்பெண் என்பது பல இலக்குகளின் சராசரி. ஐ.நா. 2015-ல் வைத்த 17 இலக்குகளில் 17-வதற்கு மதிப்பெண் கிடையாது, கடல் பற்றிய 14-வது கடலோர மாநிலங்களுக்கு மட்டும், அதனால் சராசரியில் சேராது. தண்ணீர் 6-வது இலக்கு, பலவற்றில் ஒன்று.

வர்த்தூர் வசந்தி:
சராசரி! அதைத்தானே சொல்கிறேன். மின்சாரத்தில் வாங்கிய மார்க்கைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பள்ளத்தில் கொட்டி மட்டமாக்கிவிட்டால் பள்ளம் இல்லை என்றாகிவிடுமா? மின்சாரத்தைக் குடிக்க முடியுமா? அப்புறம், அந்த 6-வது இலக்கையும் போய்ப் பார்த்தேன். 2020-21 பட்டியலில் குடிநீருக்கு வைத்த அளவுகோல்கள் கிராமப்புற மக்களைப் பற்றியவை. நான் பெயருக்கு நகரத்தில் இருக்கிறேன், அதனால் அந்தக் கணக்கில் இல்லை. நகரத்துக்குக் குடிநீர் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வரவில்லை. நான் எங்கேதான் இருக்கிறேன், கணக்கரே?

கணக்கர்:
அதே இலக்கில் நிலத்தடி நீர் எடுப்பும் இருக்கிறது. பாதி படித்துவிட்டு வராதீர்கள்.

வர்த்தூர் வசந்தி:
நிலத்தடி நீரை எடுப்பது டேங்கர். அதை வாங்குவது நான். குழாயில் வருகிறதா, இல்லையா?

அல்சூர் பெரியவர்:
நான் இங்கே பிறந்தவன். ஏரியை மூடி லேஅவுட் போட்டபோது சைட் வாங்கினவர்கள் யார்? பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்தது. தண்ணீரே எரிகிற ஊரில் உங்கள் இரண்டு பேருக்கும் மார்க் ஒரு கேடா?

வர்த்தூர் வசந்தி:
பெரியவர் என்பதால் பொறுக்கிறேன். ஏரியில் சைட் வாங்க என்னிடம் ஏது பணம்? வாடகைக்கு இருக்கிறேன். போன வருடம் தமிழ்ச் சங்கத்தார் கூட்டத்திலும் இதே பேச்சைப் பேசி என்னை உட்கார வைத்தீர்கள். மறக்கவில்லை.

அல்சூர் பெரியவர்:
அன்றைக்கு மைக்கைக் கொடுக்காமல் முக்கால் மணி நேரம் பேசியது யார்?

கோவைக்காரன்:
ஐந்தாம் கட்டக் காவேரித் திட்டம்தான் 2024 அக்டோபரில் தொடங்கிவிட்டதே. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், அந்த 110 கிராமங்களுக்காகவே. இன்னும் என்ன புலம்பல்?

வர்த்தூர் வசந்தி:
குழாய் போட்டார்கள், தெருவைத் தோண்டினார்கள், எல்லாம் சரி. எங்கள் தெருக் கடைசிக்கு அழுத்தம் வருவதில்லை. 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் ஆயிரம் ரூபாய் என்று 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது. அந்த விலைக்கு எனக்கு ஒரு டேங்கரும் வந்ததில்லை. ராத்திரி இரண்டரைக்கு ஹார்ன் அடிப்பான். மகள் டார்ச் பிடிப்பாள், நான் சம்ப் மூடியைத் தூக்குவேன். காலையில் அவளுக்குக் கணக்குப் பரீட்சை இருந்தாலும் அதேதான். இது எந்த அளவுகோலில் வருகிறது? ஐ.நா. வைத்திருக்கும் குடிநீர் அளவுகோலைப் பாருங்கள்: வீட்டிலேயே இருக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், அசுத்தமாக இருக்கக் கூடாது. மூன்று வரி. இதை மட்டும் எங்கள் தெருவில் அளந்து காட்டுங்கள், உங்கள் 75-ஐ ஏற்றுக்கொள்கிறேன்.

கணக்கர்:
ஒரு தெருவை வைத்து ஆறு கோடிப் பேருக்கு மேல் இருக்கும் மாநிலத்தை எடை போட முடியாது. 2025-ன் உலக நீடித்த வளர்ச்சி அறிக்கையில் 167 நாடுகளில் இந்தியா 99-வது இடம், முதல் நூறுக்குள் முதல்முறையாக. அதையும் உங்கள் குச்சியால் அளப்பீர்களா?

வர்த்தூர் வசந்தி:
அளப்பேன். குச்சி பொய் சொல்லாது.

கணக்கர்:
மறுபடியும் குச்சி! படித்தவர்களோடு பேச வந்தேன் என்று நினைத்தேன்.

வர்த்தூர் வசந்தி:
நான் பத்தாவது வரைதான். இன்று காலை ஒன்றரைக் கோடு, அடுத்த டேங்கர் வியாழக்கிழமை. குழாயில் வருகிறதா, இல்லையா?