கோண்டாவில் வீட்டுக் குழுவில் ஒரு வில் வழக்கு

குழு: கோண்டாவில் வீடு
செவ்வாய்க்கிழமை

நான் (பிற்பகல் 4.40): ஐயாவின் ஆட்டைத் திவசம் வெள்ளிக்கிழமை என்பது எல்லோருக்கும் தெரியும்தானே. ஐயர் காலை 9 மணிக்கு வருவார். படைத்து முடிந்ததும் சின்னவள் ஐயாவின் வயலினில் ஒரு தேவாரம் வாசிப்பதாக இருந்தது. இப்போது மாட்டேன் என்கிறாள். நீட்டி இழுக்கும்போது வில் பிடித்த கை நடுங்குகிறதாம். பெரியண்ணை, என்ன செய்யலாம்?

தங்கச்சி வெள்ளவத்தை: ஐயோ பாவம் பிள்ளை

தங்கச்சி வெள்ளவத்தை: நாங்கள் வியாழன் இரவு பஸ்ஸில் வெளிக்கிடுகிறோம். மூன்று பேர்.

அத்தான் வல்வெட்டித்துறை: வாசிக்கட்டும். நடுங்கினால் கமகம், சுரத்தை அசைத்து வாசிக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

மச்சாள்: 😀

பெரியண்ணை: எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறுங்கள்.

அத்தான் வல்வெட்டித்துறை: சரி, தேத்தண்ணி வைத்துவிட்டு வருகிறேன்.

சின்னண்ணை ரொறன்ரோ: இங்கே இப்போதுதான் விடிகிறது. யாருக்கு நடுக்கம்? அம்மாவுக்கா?

நான்: இல்லை. மேலே வாசியுங்கள்.

பெரியண்ணை: முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வயலின் வில்லின் கனம் ஏறக்குறைய 60 கிராம். ஒரு கோழி முட்டை அவ்வளவுதான். முட்டை தூக்க யாருக்காவது கை நடுங்குமா? ஆகவே நடுக்கம் கனத்தால் வருவதில்லை, இறுக்கத்தால் வருகிறது. பெருவிரல் கீழேயிருந்து நெரிக்கிறது, மற்ற நாலு விரலும் மேலேயிருந்து நெரிக்கின்றன. இரண்டு பக்கமும் மல்லுக்கட்டுகின்றன. வில் ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் நீளம். கையில் ஒரு நூல் அளவு அசைந்தால் நுனியில் விரல் அளவு அசையும். வேகமாக வாசிக்கும்போது இது வெளியே தெரியாது. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது நாலு மடங்கு வேகத்தில், வாசித்துத் தப்பிவிடலாம். ஒரே சுரத்தை எட்டு எண்ணும்வரை இழுக்கச் சொன்னால்தான் பிடி சரியா பிழையா என்று தெரியும். சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். எந்தப் பண் வாசிக்கிறாள்?

நான்: மேகராகக் குறிஞ்சி

பெரியண்ணை: அந்தப் பண்தான் நீலாம்பரி இராகம். அப்படியானால் முழுக்க நீண்ட வில்தான். நடுங்காமல் என்ன செய்யும்.

அத்தான் வல்வெட்டித்துறை: நீலாம்பரியா? தாலாட்டு இராகம். ஐயர் படைக்கும் இடத்திலேயே நித்திரையாகிவிடுவார்.

தங்கச்சி வெள்ளவத்தை: ஐயாவுக்குப் பிடித்த இராகம் அத்தான். பகிடி விடாதீர்கள்.

அம்மா: குரல் பதிவு 0.52

தங்கச்சி வெள்ளவத்தை: அம்மா என்ன சொல்கிறா? வேலைத்தலத்தில் இருக்கிறேன், கேட்க முடியாது.

நான்: பாயாசத்துக்குப் பயறு வறுத்தாச்சா என்று கேட்கிறா. ஐயாவுக்குக் கடைசிவரை கை நடுங்கியதே இல்லை என்றும் சொல்கிறா.

மச்சாள்: பயறு நான் வறுத்துக் கொண்டுவருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெரியண்ணை: பிள்ளை வில் பிடித்திருப்பதைப் படம் எடுத்துப் போடு.

நான்: படம்

தங்கச்சி வெள்ளவத்தை: பின்னால் தெரிவது ஐயாவின் சாய்மனைக் கதிரையா? யார் வார்னிஷ் அடித்தது?

நான்: நாங்கள்தான். சுவர் ஓரம் கறையான் பிடிக்கத் தொடங்கியது.

தங்கச்சி வெள்ளவத்தை: அந்தக் கதிரையை நான் கேட்டிருந்தேன் அக்கா.

நான்: கதிரை வீட்டிலேயேதான் இருக்கிறது. யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

பெரியண்ணை: படத்தைப் பார்த்தேன். நான் நினைத்தது சரி. பெருவிரல் கம்பி மாதிரி நேராக நிற்கிறது. பெருவிரல் நேராக நின்றால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், அப்புறம் முழங்கை, அப்புறம் தோள். சின்னவிரலும் விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. வில்லின் அடியில் கறுப்புக் கட்டை இருக்கிறதல்லவா, அதுவும் தடியும் சேரும் மூலையில் பெருவிரல் நுனி இருக்கட்டும். கணு வெளிப்பக்கம் வளைய வேண்டும். நடுவிரல் அதற்கு நேர் எதிரே. மோதிரவிரல் கட்டையைச் சும்மா தொட்டுக்கொண்டு கிடக்கட்டும். சுட்டுவிரல் நடுக்கணுவுக்குப் பக்கத்தால் தடியில் சாய்ந்தால் போதும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. சின்னவிரல் நுனி தடியின் மேல் குந்த வேண்டும், கோழி கிளையில் குந்துவது போல.

பெரியண்ணை: இன்னொன்று. பிடி ஒரே மாதிரி இருக்கிற சாமான் இல்லை. அடிப்பக்கத்தில் வாசிக்கும்போது வில்லின் கனம் முழுக்கத் தந்தியில் விழும். சின்னவிரல்தான் அதைத் தாங்கி இலேசாக்க வேண்டும். நுனிப்பக்கம் போகும்போது கனம் போதாது, சுட்டுவிரல் வழியாகக் கையின் பாரம் இறங்க வேண்டும். எங்கள் பழைய கிணற்றுத் துலா நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் தாழ மறுபக்கம் ஏறும். அதேதான். எல்லா விரலாலும் ஒரேயடியாக நெரித்தால் துலா அசையாது.

மச்சாள்: அந்தத் துலா போனதும் வடக்கு வேலியோடுதான்

பெரியண்ணை: அது வேறு கதை.

சின்னண்ணை ரொறன்ரோ: என் மகனின் ரீச்சர் ரஷ்யப் பிடி என்று ஒன்று சொல்லிக் கொடுக்கிறா. சுட்டுவிரலை இன்னும் ஆழமாகப் போட்டுப் பிடிப்பது. சத்தம் நல்லாய் வருகிறது. வீடியோ அனுப்பவா?

பெரியண்ணை: வேண்டாம்.

சின்னண்ணை ரொறன்ரோ: ஏன்?

பெரியண்ணை: உன் மகன் நின்றுகொண்டு நாடிக்குக் கீழே வைத்து வாசிக்கிறான். இவள் பாயில் சப்பாணி கட்டி இருந்து, வயலின் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கிறாள். கை வருகிற கோணமே வேறு. வலது முழங்கால் உயர்ந்திருந்தால் முழங்கை இடிபடாமல் இருக்கத் தோள் மேலே ஏறும். தோள் ஏறினால் விரல் தானாக நெரிக்கும். பாயில் இருக்கிற எங்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் வெள்ளைக்காரரிடம் வயலின் படித்து எங்கள் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து

அத்தான் வல்வெட்டித்துறை: சரித்திர பாடம் தொடங்கிவிட்டது. பிள்ளை எங்கே?

சின்னவள்: இருக்கிறேன் பெரியப்பா

அத்தான் வல்வெட்டித்துறை: குஞ்சு, பொங்கலுக்கு எங்கள் கடற்கரையில் பட்டம் ஏற்றினாயே, நூலை எப்படிப் பிடித்தாய்?

சின்னவள்: விரலில் போட்டு

அத்தான் வல்வெட்டித்துறை: நெரித்துப் பிடித்தால்?

சின்னவள்: கை வெட்டும்

அத்தான் வல்வெட்டித்துறை: விட்டால்?

சின்னவள்: பட்டம் போய்விடும்

அத்தான் வல்வெட்டித்துறை: காற்று இழுக்கும்போது கொடு, விடும்போது எடு. வில்லும் அதுதான்.

சின்னவள்: இது விளங்குது பெரியப்பா. பெரிய மாமாவின் மெசேஜ் இன்னும் வாசித்து முடியவில்லை.

தங்கச்சி வெள்ளவத்தை: 😂😂

பெரியண்ணை: பட்டம் வேறு, வயலின் வேறு.

பெரியண்ணை: ஆனால் உவமை பிழையில்லை.

சின்னண்ணை ரொறன்ரோ: அது என்ன வில்? கறுப்புத் தடியாகத் தெரிகிறது. ஐயாவின் பழைய வில் இருந்திருந்தால் இந்தக் கரைச்சலே வந்திராது. அது தானாக ஓடும்.

மச்சாள்: அந்த வில் எங்கே போனது என்று உங்களுக்குத்தானே தெரியும் தம்பி

அத்தான் வல்வெட்டித்துறை: ஆ.

தங்கச்சி வெள்ளவத்தை: மச்சாள் 🙏

பெரியண்ணை: சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த இரவு. வயலினைப் பாயில் சுற்றிச் சாக்குக்குள் போட்டுச் சைக்கிளில் கட்டினது நான். அலுமாரிக்கு மேலே இருக்கும் வில்லை எடுத்துவா என்று இவனிடம் சொன்னேன். எடுத்து வந்தது கிரிக்கெட் மட்டை. நாவற்குழி தாண்டின பிறகுதான் பார்க்கிறோம்.

சின்னண்ணை ரொறன்ரோ: எனக்கு அப்போது 14 வயது அண்ணை. இருட்டு. மழை. எல்லோரும் கத்திக்கொண்டு நிற்கிறார்கள். வில் என்று சொன்னதே எனக்குக் கேட்கவில்லை.

பெரியண்ணை: 96 இல் திரும்பி வந்தபோது வில்லும் இல்லை, அலுமாரியும் இல்லை.

சின்னண்ணை ரொறன்ரோ: அலுமாரியையும் நான்தான் விட்டுவிட்டு வந்தேனா?

அம்மா: குரல் பதிவு 0.31

நான்: அம்மா சொல்கிறா, சாவகச்சேரியில் விறகில்லாத நாள் அந்த மட்டையைக் கொத்தித்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தாவாம். வில்லைக் கொண்டுவந்திருந்தால் அதையும் எரித்திருப்பேன், சண்டை பிடிக்காதீர்கள் என்கிறா.

சின்னண்ணை ரொறன்ரோ: மட்டை எரித்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்!

அத்தான் வல்வெட்டித்துறை: கோண்டாவில் பெயரிலேயே ஒரு வில் இருக்கிறது. அதை வைத்து வாசியுங்கள்.

நான்: பெரியண்ணை, இப்போது இருப்பது 2002 இல் சண்டை நின்று, தெற்கே போகும் ஏ9 பாதை திறந்த பிறகு ஐயா கொழும்புக்குப் போய் வாங்கி வந்த வில்.

பெரியண்ணை: தெரியும். முடி எப்போது மாற்றினீர்கள்?

நான்: முடி மாற்றுவதா?

பெரியண்ணை: அது குதிரை வால் முடி. தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். பிள்ளை, முடி தந்தியைப் பிடிக்க ரோசின் பூசுகிறாயா?

சின்னவள்: நிறையப் பூசுகிறேன் மாமா. அப்படியும் வழுக்குகிறது. அதனால் திருகாணியை நல்லாய் இறுக்கிவிட்டேன்.

பெரியண்ணை: எவ்வளவு?

சின்னவள்: படம்

பெரியண்ணை: ஐயையோ. தடி நேராகிவிட்டது. நடுவில் அது முடிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். முடிக்கும் தடிக்கும் இடையே ஒரு பென்சில் போகிற இடைவெளி போதும். இவ்வளவு இறுக்கினால் வில் துள்ளும், துள்ளுகிறதை அடக்க விரல் நெரிக்கும், விரல் நெரிக்க இன்னும் துள்ளும். முடி தந்தியைப் பிடிக்காததால் இவள் அமத்தியும் இருக்கிறாள். பிழை பிள்ளையில் இல்லை. உடனே தளர்த்து. வாசிக்காத நேரமும் தளர்த்தியே வை.

மச்சாள்: இவ்வளவு பாடமும் நடத்தி முடித்த பிறகு வில்லைப் பார்க்கிறார்

அத்தான் வல்வெட்டித்துறை: 👏

சின்னண்ணை ரொறன்ரோ: நான் இங்கிருந்து ஒரு கார்பன் வில் அனுப்புகிறேன். முடிந்தது பிரச்சினை.

நான்: வெள்ளிக்கிழமைக்கு வருமா அண்ணை?

சின்னண்ணை ரொறன்ரோ: வராது. பிறகு உதவும்தானே.

தங்கச்சி வெள்ளவத்தை: நாளைக்கு இங்கே எங்கேயாவது முடி போடுவார்களா என்று விசாரிக்கவா?

நான்: வில் இங்கே இருக்கிறது. நீ வியாழன் இரவு வெளிக்கிடுகிறாய்.

தங்கச்சி வெள்ளவத்தை: ஓம் என்ன

மச்சாள்: இவரிடம் ஒரு வில் சும்மாதான் கிடக்கிறது. கொடுக்கலாம்.

பெரியண்ணை: சும்மா கிடக்கவில்லை. அது கொஞ்சம் கனமான வில். பழகாத கைக்குச் சரிவராது.

நான்: ஒரு முட்டை கனம்தானே அண்ணை?

அத்தான் வல்வெட்டித்துறை: வாத்து முட்டையாக இருக்கும்

பெரியண்ணை: வியாழன் பின்னேரம் கொண்டுவந்து காட்டுகிறேன். வைத்துவிட்டுப் போவதா இல்லையா என்று அங்கே பார்ப்போம். அதுவரை வில்லைத் தந்தியில் வைக்கவே வேண்டாம். முதலில் பென்சிலில் அதே பிடியைப் பிடி. பெருவிரலையும் சின்னவிரலையும் மடக்கி நீட்டிப் பார், பென்சில் விழக் கூடாது. அப்புறம் வில்லை நிமிர்த்திப் பிடித்துக் கார்க் கண்ணாடி துடைக்கிற தடி மாதிரி மெல்லச் சாய்த்து எடு. சின்னவிரல் நோகும். நோகட்டும். ஆனால் நெரிக்காதே. பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

சின்னவள்: சரி மாமா

நான்: சாப்பாட்டுக்கு 60 பேர் என்று சொல்லிவிட்டேன். வடை ஆளுக்கு இரண்டு.

அத்தான் வல்வெட்டித்துறை: மூன்று

புதன்கிழமை

சின்னவள் (பிற்பகல் 6.15): குரல் பதிவு 0.38

சின்னவள்: பென்சில் பழகினேன். பொறுக்க முடியாமல் பழைய வில்லைத் தளர்த்திவிட்டு வாசித்தேன். மாமா ஏசாதீர்கள்.

தங்கச்சி வெள்ளவத்தை: ❤️

அக்கா வல்வெட்டித்துறை: ஐயா வாசிப்பது போலவே

அத்தான் வல்வெட்டித்துறை: அக்கா இந்தக் குழுவில் இருக்கிறாவா?

சின்னண்ணை ரொறன்ரோ: முதல் வரி நல்லாயிருக்கிறது. நடுங்கவே இல்லை.

பெரியண்ணை: 22 ஆவது செக்கனில் கேளுங்கள். நுனிக்குப் போகும்போது இன்னும் ஒரு சின்ன நடுக்கம். அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். இழுக்கத் தொடங்கும்போதே மூச்சை மெல்ல விட வேண்டும். வில்லையும் கொஞ்சம் மிச்சம் பிடித்து இழுக்க வேண்டும், பாதி வரிக்குள் முக்கால் வில்லைச் செலவழித்துவிடுகிறாள்.

மச்சாள்: நல்லாய் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்

பெரியண்ணை: நல்லாய் இருக்கிறது.

சின்னவள்: 🙏 பெரிய மாமா, உங்கள் வில் வருமா?

பெரியண்ணை: நாளை பார்ப்போம் பிள்ளை. ரோசின் பூசிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: குரல் பதிவு 0.09

நான்: அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் சின்னவளின் வாசிப்புத்தான் கேட்கிறது. தெரியாமல் அமத்திவிட்டா போல.

சின்னண்ணை ரொறன்ரோ: அந்தக் கார்பன் வில் வாங்கவா வேண்டாமா? யாராவது முடிவாகச் சொல்லுங்கள்.

அத்தான் வல்வெட்டித்துறை: மட்டை அனுப்பாமல் இருந்தால் சரி.

நான்: வாடகைக் கதிரை 40 போதுமா?

தங்கச்சி வெள்ளவத்தை: அக்கா, அந்தக் கதிரை விஷயம்?

நான்: 40 எடுத்தால் காணும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சி வெள்ளவத்தை: நான் கேட்டது ஐயாவின் கதிரை.

நான்: வெள்ளிக்கிழமை வந்து அதிலேயே இரு. பிறகு கதைப்போம்.