புதுப்பிப்பு: சந்தேகப்பட்டால் இரட்சிப்பு போய்விடுமா?

ஆதாமின் பாவத்துக்குப் பச்சைக்குழந்தை எப்படிக் குற்றவாளி, இப்படிக் கேட்டாலே இரட்சிப்பு போய்விடுமா என்று முன்பு எழுதியிருந்தேன். காட்பாடியில் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரிடம் பேசினேன். ஒரே மனுஷனால் பாவமும் மரணமும் உலகத்தில் வந்தது என்னும் ரோமர் 5:12ஐ வைத்துப் பிறவிக் குற்றத்தை அழுத்திச் சொன்னவர் பழங்காலச் சபை அறிஞர் அகஸ்டின், கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளோ ஆதாமிடமிருந்து மரணம் வந்தது, குற்றம் வரவில்லை என்கின்றன. 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் அகஸ்டின் கருத்தை ஏற்ற சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த அமெரிக்க சீர்திருத்த சபைக்காரர்கள், அதனால் நம் பக்கம் முதல் கருத்துதான் வேரூன்றியது என்றார். சரி, ஆனால் குழந்தை குற்றவாளி என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, அவரிடமும் சொல்லிவிட்டேன். ஐயா கோபப்படவில்லை, மாற்கு 9:24ஐக் காட்டினார். என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். கேள்வி கேட்பது பிசாசின் வேலை என்று எனக்குப் பதில் எழுதிய அண்ணன் அந்தப் பகுதியைத் தயவுசெய்து படிக்க வேண்டும்.